வேலைக்குப் போகிறவர் வீட்டுக்கு எந்த நாய்? திருநெல்வேலிப் பக்கத்துக் கேள்விகளும் பதில்களும்

பாளையங்கோட்டை, டவுன், வள்ளியூர், அம்பாசமுத்திரம் என்று நம் பக்கத்தில் நாய் வளர்க்க ஆசைப்படுகிறவர்களில் பலர், காலையில் வேலைக்குப் போய் இருட்டுகிற நேரத்தில் வீடு திரும்புகிறவர்கள். பள்ளி ஆசிரியர், வங்கி ஊழியர், கங்கைகொண்டான் சிப்காட்டுக்கு ஷிப்ட் போகிறவர், கூடங்குளத்துக்கு விடியற்காலையிலேயே பஸ் ஏறுகிறவர் என்று எல்லோரும் உண்டு. அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில்கள்.

காலை எட்டரைக்குக் கிளம்பினால் மாலை ஆறரைக்குத்தான் திரும்புவேன். நான் நாய் வளர்க்கலாமா?

இடைப்பட்ட பத்து மணி நேரத்தில் வீட்டில் யார் இருக்கிறார்கள் என்பதைப் பொறுத்துத்தான் பதில். வளர்ந்த, ஆரோக்கியமான நாய் ஐந்தாறு மணி நேரம் தனியாக இருந்துவிடும். பெரும்பாலும் தூங்கும். எட்டு மணி நேரம் என்பது அதற்குக் கஷ்டம்தான், ஆனாலும் பழகிக்கொள்ளும். தினமும் பத்து மணி நேரம், ஆள் முகமே பார்க்காமல், மூத்திரத்தை அடக்கிக்கொண்டு கிடப்பது கூடாது.

அதனால் நாயைத் தேடும் முன் மத்தியானத்துக்கு ஓர் ஆளைத் தேடுங்கள். ஒரே வளவுக்குள் குடியிருக்கும் அக்காவாக இருக்கலாம், வீட்டு வேலைக்கு வருகிறவராக இருக்கலாம், பக்கத்துத் தெருக் கல்லூரிப் பையனாக இருக்கலாம். பன்னிரண்டு ஒரு மணி வாக்கில் வந்து கதவைத் திறந்து, வெளியே கொண்டுபோய், தண்ணீர் மாற்றி வைத்து, கொஞ்ச நேரம் கூட இருந்துவிட்டுப் போனால் போதும். சும்மா உதவியாகக் கேட்காதீர்கள், மாதச் சம்பளம் பேசிக் கொடுங்கள். உதவி நாலு நாளில் நின்றுவிடும். அப்படி ஓர் ஆள் கிடைக்கவே இல்லையென்றால் இப்போதைக்கு நாய் வேண்டாம். இதை மழுப்பிச் சொல்வதில் யாருக்கும் நன்மை இல்லை.

சரி, ஆள் இருக்கிறார். எந்த நாயைத் தேர்ந்தெடுப்பது?

வேலைக்குப் போகிற பெரும்பாலானவர்களுக்கு என் பதில் ஒன்றுதான்: இரண்டு மூன்று வயதான நாட்டு நாய் (தனி இனம் என்று எதுவும் இல்லாத நம் தெரு நாய்தான்), அதுவும் ஆட்களோடு பழகியதாக. கம்பெனி நாய், அதாவது விலைகொடுத்து வாங்கும் இன நாய், வாங்க வசதியில்லாதவர்களுக்கான ஏற்பாடு என்று இதை நினைக்காதீர்கள். எந்த வசதி இருந்தாலும் இதையேதான் சொல்வேன்.

நாட்டு நாய்க்கு இந்த வெயில் புதிதல்ல. குட்டை முடி, அதனால் வாரத்துக்கு ஒருமுறை சீவிவிட்டால் போதும். நடுத்தர எடை, ஒருவர் பிடித்து நிறுத்திவிட முடியும். எல்லாவற்றுக்கும் மேலாக, வளர்ந்த நாயின் குணம் உங்கள் கண் முன்னாலேயே தெரிகிறது. குட்டி பெரிதாகி எப்படி இருக்கும் என்பது ஊகம். மூன்று வயது நாய் குழந்தைகளைப் பார்த்து வாலாட்டுகிறதா, பைக்கைத் துரத்துகிறதா, தனியாக விட்டால் ஊளையிடுகிறதா என்பதையெல்லாம் ஒரு வாரம் பழகிப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். உங்கள் தெருவிலேயே பல நாளாகச் சோறு வாங்கித் தின்னும், யாரையும் கடிக்காத, கருத்தடை செய்து காது நுனியில் வெட்டுக்குறி உள்ள நாய் இருந்தால் முதலில் அதைப் பாருங்கள். ஒன்று மட்டும்: பிறந்ததிலிருந்து தெருவிலேயே சுதந்திரமாக ஓடி வளர்ந்த நாயை ஒரே நாளில் அறைக்குள் பூட்டிவிட்டு ஆபீஸுக்குப் போகாதீர்கள். முதலில் சாயங்காலம், அப்புறம் ராத்திரி, அப்புறம் பகல் என்று மெல்ல உள்ளே இழுக்க வேண்டும்.

குட்டியாக வாங்கினால்தான் நம்மிடம் ஒட்டும் என்கிறார்களே?

ஒட்டுவதற்கும் வயதுக்கும் சம்பந்தமில்லை. யார் சோறு வைக்கிறார், யார் நடக்கக் கூட்டிப்போகிறார், யார் அடிக்காமல் பேசுகிறார் என்பதை நாலு வயது நாயும் கவனிக்கும். சில வாரங்களில் உங்கள் வண்டிச் சத்தத்தைத் தனியாகக் கண்டுகொள்ளும்.

குட்டி முழு நேர வேலை. இரண்டு மாதக் குட்டியால் மூத்திரத்தை இரண்டு மூன்று மணி நேரத்துக்கு மேல் அடக்க முடியாது. குட்டிக்கு எத்தனை மாதமோ அத்தனை மணி நேரம், அதோடு இன்னும் ஒரு மணி என்பது ஒரு தோராயக் கணக்கு. மூன்று மாதம் வரை நாளைக்கு நாலு வேளை சாப்பாடு, ஆறு மாதம் வரை மூன்று வேளை. நீங்கள் இல்லாத நேரத்தில் வயர், செருப்பு, நாற்காலிக் கால் எல்லாம் பல்லுக்குப் போகும். தடுப்பூசிகள் முடியும்வரை தெரு நாய்கள் புழங்கும் மண்ணில் விடவும் முடியாது. இதைவிடப் பெரிய விஷயம், மூன்று வாரத்திலிருந்து மூன்று நாலு மாதம் வரைதான் குட்டி உலகத்தைப் பார்த்துப் பயம் தெளிகிற காலம். அந்த நாட்களைப் பூட்டிய வீட்டுக்குள் தனியாகக் கழித்த குட்டி, பெரிதானதும் புது ஆளைக் கண்டால் ஒடுங்கும் அல்லது பாயும். பின்னால் எவ்வளவு பழக்கினாலும் அதை முழுதாகச் சரிசெய்வது கஷ்டம்.

கட்டாயம் குட்டிதான் என்றால், வீட்டில் ஒருவர் இரண்டு மாதமாவது பகல் முழுக்க இருக்கும்படி ஏற்பாடு செய்துகொண்டு வாங்குங்கள். ஆசிரியர்கள் மே விடுமுறையில் வாங்குவது உண்டு. நல்ல யோசனைதான், ஆனால் விடுமுறை முழுக்க மடியிலேயே வைத்திருந்துவிட்டு ஜூனில் பள்ளி திறந்ததும் எட்டு மணி நேரம் விட்டுப்போனால் குட்டிக்கு அது பேரிடி. முதல் வாரத்திலிருந்தே ஐந்து நிமிடம், பத்து நிமிடம் என்று தனியாக இருக்கப் பழக்கிக்கொண்டே வர வேண்டும்.

சிப்பிப்பாறை, கன்னி, ராஜபாளையம் எல்லாம் நம்ம மண்ணு நாய்தானே? அதை வளர்ப்பதுதானே பெருமை?

நம்ம மண்ணு நாய்தான், பெருமையும்தான். 2005-ல் அஞ்சல் துறை வெளியிட்ட நாய்த் தபால்தலைகளில் ராஜபாளையமும் ஒன்று. 2020 ஆகஸ்டில் பிரதமர் தன் வானொலி உரையில் ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை என்று பெயர் சொன்னார். இந்த இனங்கள் நிலைக்க வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஆனால் உங்கள் வீடு அதற்கு ஏற்றதா என்பது வேறு கேள்வி.

சிப்பிப்பாறையும் கன்னியும் கண்ணால் பார்த்துத் துரத்துகிற ஓட்ட நாய்கள். கரிசல் காட்டில் முயலின் பின்னால் ஓடுவதற்காக வளர்க்கப்பட்டவை. (இப்போது முயல் வேட்டை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.) வீட்டுக்குள் இவை ஆச்சரியப்படும் அளவுக்கு அமைதி. ஓடி முடித்தால் சுருண்டு தூங்கும், அதிகம் குரைக்காது, ஒல்லி உடம்பும் குட்டை முடியும் வெயிலைத் தாங்கும். அந்த வகையில் வேலைக்குப் போகிறவருக்குப் பொருந்தும் குணம் நிறையவே இருக்கிறது. தினமும் ஒருமுறையாவது நாலு பக்கமும் அடைப்புள்ள இடத்தில் கால் நீட்டி ஓட வேண்டும், அதுதான் சிக்கல். தோட்டம், வயல், சுற்றுச்சுவர் வைத்த காலி மனை என்று ஏதாவது இருந்தால் யோசிக்கலாம். ஆடு, கோழி, பூனை திரிகிற தெருவில் கயிறை அவிழ்த்துவிட்டீர்களோ, அவ்வளவுதான். ஓட ஆரம்பித்தபின் கூப்பிட்டால் காதில் விழாது. அடித்த கோழிக்குப் பணம் கொடுத்துவிடலாம், நாலு வழிச்சாலையில் ஏறிவிட்டால் நாயே மிஞ்சாது.

ராஜபாளையம் வேறு மாதிரி. காவல் புத்தி அதிகம், தனக்கென்று ஒரு முதலாளியை வைத்துக்கொள்ளும், புது ஆளை லேசில் ஏற்காது. மத்தியானம் நீங்கள் அனுப்புகிற கல்லூரிப் பையனை உள்ளே விடாமல் போகலாம். உங்கள் ஏற்பாடே அதோடு முடிந்தது. இன்னொன்று, வெள்ளை நிறத்தோடு சேர்ந்து சில குட்டிகளுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. வாங்குமுன் குட்டி தூங்கும்போது பார்வைக்கு எட்டாத இடத்தில் நின்று கை தட்டிப் பாருங்கள், ஒவ்வொரு குட்டியாகத் தனியே வைத்து. கோம்பையும் காவல் நாய்தான், அதை முதல் நாயாக வளர்க்கவே வேண்டாம்.

லேப்ரடார்? பிள்ளைகள் அதைத்தான் கேட்கிறார்கள்.

அருமையான குணம், பிள்ளைகளோடு நன்றாகப் பழகும். ஆனால் ஆள் துணை இல்லாமல் வாடுகிற இனங்களில் அது முன்வரிசை. தனியாக விட்டால் கடித்துத் துப்பும், அல்லது தின்றே குண்டாகும். எடை கூடினால் இடுப்பு மூட்டு சீக்கிரம் கெடும், அந்தத் தொந்தரவு இந்த இனத்தில் பரம்பரையாகவும் வருவது. வீட்டில் பகலில் பெரியவர்கள் இருந்து, காலை மாலை ஒரு மணி நேரம் நீங்கள் நடத்தத் தயார் என்றால் சரி.

நாம் பொமரேனியன் என்று சொல்லி வளர்க்கும் வெள்ளை நாய் பெரும்பாலும் இந்தியன் ஸ்பிட்ஸ். சின்ன வீட்டுக்குப் பொருந்தும், கொஞ்சம் சாப்பிடும், ஆனால் வாசலில் இலை விழுந்தாலும் குரைக்கும். டாஷ்ஹண்டு தைரியமான குட்டையன். நீண்ட முதுகு என்பதால் மச்சுப்படி ஏறி இறங்குகிற வீட்டுக்கு வேண்டாம். பக் மூக்கு சப்பையானது, மூச்சிரைத்துத்தான் நாய் தன் சூட்டைத் தணிக்கிறது, அந்த வழியே குறுகிப்போன நாய்க்கு நம் கோடை ஆபத்து. கரண்டு போன மத்தியானத்தில் பூட்டிய வீட்டுக்குள் பக் தனியாக இருப்பதை நினைக்கவே எனக்குப் பதறுகிறது.

ஹஸ்கி?

வேண்டாம். பனியில் இழுவை வண்டி இழுக்கிற நாயை அக்னி நட்சத்திரத்தில் ஏசி அறைக்குள் அடைத்து வைப்பது வளர்ப்பு ஆகாது.

டவுனில் முடுக்குக்குள் சின்ன வாடகை வீடு. நாய்க்கு இடம் போதுமா?

இடம் பெரிய விஷயம் இல்லை. பெருமாள்புரத்தில் பெரிய காம்பவுண்டு வீட்டில் யாரும் திரும்பிப் பார்க்காமல் கிடக்கிற நாயைவிட, ஒற்றை அறையில் ஆளோடு ஆளாக வாழ்ந்து தினம் இரண்டு முறை நயினார்குளத்துக் கரைவரை நடந்துவிட்டு வரும் நாய் நன்றாக இருக்கும். (குளக்கரையில் கயிறு கையிலேயே இருக்கட்டும், நீர்ப்பறவைகள் இறங்குகிற இடம்.) முடுக்கு வீட்டில் கவனிக்க வேண்டியது குரைப்புதான். சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள், எதிர் வீட்டுப் பேச்சே நம் தார்சாவில் கேட்கும். அதனால் எதற்கும் குரைக்காத, நிதானமான வளர்ந்த நாய் வேண்டும்.

வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே சொல்லி, ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளுங்கள். அபார்ட்மெண்டில் சொந்த வீடு என்றால், நாய் வளர்ப்பதையே சங்கம் தடைசெய்ய முடியாது என்பது இந்திய விலங்குகள் நல வாரியத்தின் வழிகாட்டுதல். ஆனால் சுத்தம் செய்வதும் சத்தம் பார்த்துக்கொள்வதும் உங்கள் பொறுப்பு.

வீட்டில் ஆச்சி பகல் முழுக்க இருக்கிறார். அப்போது கவலை இல்லைதானே?

பாதிக் கவலை குறைந்தது. முதலில் ஆச்சியிடம் கேட்டீர்களா? "பாத்துக்கிடுவாங்க" என்று நாமே முடிவு செய்து நாயைக் கொண்டுவந்து நிறுத்திவிடுகிறோம். எழுபது வயதுக்காரர் கயிறைப் பிடிக்கும்போது முப்பது கிலோ நாய் பூனையைப் பார்த்து இழுத்தால் விழுவது அவர்தான், முறிவது இடுப்பு எலும்பு. காலுக்குள் ஓடும் குட்டியும் தடுக்கிவிடும். ஆச்சி இருக்கிற வீட்டுக்கு ஆறேழு வயதான, பத்துப் பன்னிரண்டு கிலோ எடையுள்ள அமைதியான நாய் தேடுங்கள். வயதான நாய்களை யாரும் கேட்டு வருவதில்லை, ஆனால் இப்படி ஒரு வீட்டில் அவை நிம்மதியாக இருக்கும்.

பகலில் நாயை எங்கே விட்டுப்போவது? மொட்டை மாடியா, வாசலில் சங்கிலியா?

இரண்டும் வேண்டாம். சித்திரை வைகாசியில் மொட்டை மாடித் தளத்தில் நம் கையை ஐந்து விநாடி வைக்க முடியாது, நாயின் பாதமும் தோல்தான். தகரக் கொட்டகை நிழலும் நிழல் இல்லை, அடுப்பு. வீட்டுக்குள் காற்றோட்டமான அறை, மின்விசிறி, இரண்டு இடத்தில் தண்ணீர். ஒன்று கவிழ்ந்தாலும் மற்றது இருக்கும். மண் பாத்திரமாக இருந்தால் தண்ணீர் குளிர்ந்தும் இருக்கும். பழைய வீடுகளில் அடுக்களைக்குப் பக்கத்துக் கல் தளம் இதற்கு நல்ல இடம்.

சங்கிலியைப் பற்றிக் கொஞ்சம் அழுத்தியே சொல்ல வேண்டும். கட்டியே கிடக்கும் நாய் மூர்க்கமாகும், அது ஒரு பக்கம். இன்னொரு பக்கம் 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணியில் வந்த வெள்ளம். தண்ணீர் என்ன வேகத்தில் தெருவுக்குள் ஏறியது என்று நாம் பார்த்தோம். ஆளில்லாத வீட்டில் கட்டிப்போட்ட நாய்க்கு நீந்தவும் வழியில்லை. ஆற்றங்கரை ஓரமோ தாழ்வான நகரோ என்றால், ஐப்பசி கார்த்திகை மழையில் நீங்கள் வேலையில் மாட்டிக்கொண்டாலும் வீட்டைத் திறந்து நாயை வெளியே எடுக்கப் பக்கத்து வீட்டில் ஒரு சாவி இருக்கட்டும்.

வெயிலில் நாய் நாக்கைத் தொங்கப்போட்டு வேகமாக இரைத்து, எச்சில் கெட்டியாகி, தள்ளாடினால் அது வெப்ப அதிர்ச்சி. உடனே உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறியடியில் வைத்து, அதற்கப்புறம் மருத்துவரிடம் ஓடுங்கள். வாயைத் திறந்து தண்ணீர் புகட்டாதீர்கள்.

நாங்கள் போனதும் ஊளையிடுகிறது, கதவைப் பிறாண்டுகிறது என்று பக்கத்து வீட்டு அண்ணாச்சி சொல்கிறார்.

அது பிரிவுப் பயம். அடிப்பதால் கூடுமே தவிரக் குறையாது. கிளம்புமுன் அரை மணி நேரம் நன்றாக நடத்துங்கள். களைத்த நாய் தூங்கும். போகும்போது கொஞ்சிக் குலாவி விடைபெற வேண்டாம், வந்ததும் ஆர்ப்பாட்டமும் வேண்டாம். சாவியை எடுப்பது, செருப்பு போடுவது இவையெல்லாம் நீங்கள் போகப்போகிறீர்கள் என்பதற்கு அடையாளமாகிவிடும், விடுமுறை நாளில் சாவியை எடுத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்து அந்தப் பழக்கத்தை உடையுங்கள். ரப்பர் பொம்மைக்குள் தயிர்சாதத்தை அடைத்து ஃப்ரீசரில் வைத்து, கிளம்பும்போது மட்டும் கொடுங்கள். நக்கித் தீர்க்கவே அரை மணி ஆகும், பயம் உச்சத்தில் இருக்கும் நேரம் அதுவேதான். நகம் பெயரும் அளவுக்குப் பிறாண்டினால் மருத்துவரைப் பாருங்கள், மருந்தும் உண்டு.

சாப்பாடு?

வளர்ந்த நாய்க்குக் காலை நீங்கள் கிளம்புமுன் ஒன்று, இரவு ஒன்று. நாள் முழுக்கத் தட்டில் வைத்துவிட்டுப் போனால் எறும்பும் புளிப்பும்தான். வெறும் பால்சோறு, தயிர்சோறு போதாது. வேகவைத்த முட்டை, முள் நீக்கிய மீன், எலும்பில்லாத கோழி இவற்றில் ஒன்று தினம் சேரட்டும், உப்பு, காரம் இல்லாமல். வெங்காயம், திராட்சை, கிஸ்மிஸ், சாக்லேட் நாய்க்கு விஷம். கிஸ்மிஸ் பாயசத்திலும் கேசரியிலும் இருக்கும் என்பது பலருக்கு நினைவு வராது. அல்வாவின் நெய் கணையத்தைப் பாதிக்கும். வெந்த எலும்பு உடைந்து குடலைக் கிழிக்கும்.

பாபநாசம் பக்கம் மலையடிவார வீடு. வேறு ஏதும் கவனிக்கணுமா?

சிறுத்தை. களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்தை ஒட்டிய ஊர்களில் சிறுத்தை இறங்கி நாயைத் தூக்குவது நடப்பதுதான். இருட்டியபின் நாய் வீட்டுக்குள் இருக்க வேண்டும், தாழ்ப்பாள் போட்ட கதவுக்குப் பின்னால். நீங்கள் வேலையிலிருந்து ஏழெட்டு மணிக்குத்தான் திரும்புவீர்கள் என்றால், ஆறு மணிக்கு உள்ளே விட ஆள் வேண்டும். இந்த ஊர்களில் காவலுக்கென்று நாயை வெளியே விடாதீர்கள்.

ஊசி, உண்ணி, மருத்துவம்?

குட்டிக்கு ஆறு முதல் எட்டு வாரத்தில் பார்வோ, டிஸ்டெம்பர் என்ற கொடிய வைரஸ் நோய்களுக்கான தடுப்பூசி தொடங்கி, மூன்று நாலு வாரத்துக்கு ஒருமுறை பதினாறு வாரம் வரை. மூன்று மாதத்தில் வெறிநோய் ஊசி, அப்புறம் மருத்துவர் சொல்லும் இடைவெளியில் தவறாமல். உங்கள் ஊர் மாட்டாஸ்பத்திரியிலேயே போடலாம். பெரிய சிக்கல் என்றால் ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. நம் பக்கத்து நாய்களுக்கு உண்ணியால் வரும் காய்ச்சல் பெரிய எதிரி. சாப்பிடாமல் சோர்ந்தாலோ, மூக்கில் ரத்தம் வந்தாலோ அன்றே ரத்தப் பரிசோதனை, ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளிவைக்காதீர்கள். தினம் ராத்திரி காது மடல், விரல் இடுக்கு, கழுத்துப் பட்டைக்கு அடியில் கை விட்டுப் பாருங்கள்.

நாய் யாரையாவது கடித்தால், பிராண்டினாலும்கூட, ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அரசு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய் எதையும் வைக்கக் கூடாது. வீட்டு நாய்தானே, ஊசி போட்டதுதானே என்று வீட்டிலேயே முடிவு செய்யவும் கூடாது.

விலைக்கு வாங்குவதென்றால் எதைப் பார்ப்பது?

தாயைப் பாருங்கள். தாயைக் காட்டாதவரிடம் வாங்காதீர்கள். எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்பது 2017-ஆம் ஆண்டு நாய் இனப்பெருக்க விதிகளின்படி தவறு. "முப்பது நாள் குட்டி, சீக்கிரம் எடுத்துக்கோங்க" என்று யாராவது சொன்னால் அங்கிருந்து கிளம்பிவிடுங்கள்.

துணைக்கு இரண்டு நாயாக வாங்கிவிட்டால்?

முதல் நாய் ஒரு வருடம் நிலைப்படட்டும். உங்களுக்காக ஏங்கும் நாய்க்கு இன்னொரு நாய் மருந்தில்லை, சில சமயம் இரண்டும் சேர்ந்து ஊளையிடும்.

முதல் வாரம் எப்படி?

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கூட்டி வாருங்கள், திங்கள் செவ்வாய் விடுப்புப் போடுங்கள். தீபாவளியை ஒட்டியோ, ஆனித் தேரோட்டக் கூட்டத்திலோ, வீட்டில் விசேஷம் வைத்திருக்கும்போதோ வேண்டாம். சொந்தக்காரர்களை உடனே பார்க்க வரச் சொல்லாதீர்கள். முதல் இரண்டு நாள் ஒரே அறை, ஒரே பாய், ஒரே நேரத்தில் சாப்பாடு, ஒரே தெருவில் நடை. ஞாயிற்றுக்கிழமை ஐந்து நிமிடம் வெளியே போய்த் திரும்புங்கள், அப்புறம் கால் மணி, அப்புறம் ஒரு மணி. மத்தியானம் வரப்போகும் ஆளை அந்த நாட்களிலேயே வரவழைத்து, நீங்கள் இருக்கும்போதே அவர் கையால் சோறு வைக்கச் சொல்லுங்கள். கழுத்துப் பட்டையில் உங்கள் போன் நம்பர் தொங்கட்டும். புது வீட்டிலிருந்து நாய் ஓடிப்போவது பெரும்பாலும் இந்த முதல் வாரத்தில்தான், அதனால் வாசல் கதவைத் திறக்குமுன் கயிறு கையில் இருக்கிறதா என்று பாருங்கள்.